மண்ணைத் தேற்றியவரும் மண்ணற்ற மக்களும்: ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்

நிலக்கடலையிலிருந்து முந்நூறு பொருள்களை உருவாக்கிய அதிசய மனிதர் என்றே ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் பெரும்பாலும் நமக்கு அறிமுகமாகிறார். அடிமையாகப் பிறந்து அறிவியலாளராக உயர்ந்தவர், அடக்கமானவர், இறைப்பற்று மிக்கவர், எவரையும் வெறுக்காதவர் என்று சிறுவர் நூல்கள் அவரை வரைகின்றன. அவற்றில் பொய் அதிகமில்லை. ஆயினும் அவருடைய வாழ்நாள் உழைப்பின் மையம் அவற்றில் இடம்பெறுவதில்லை. ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப விளைவித்துச் செத்துப்போன மண்ணில், உரம் வாங்கக் காசில்லாத உழவர் எவ்வாறு மீண்டும் உயிரேற்றுவது என்பதே அவர் நாற்பத்தாறு ஆண்டுகள் பதில் தேடிய கேள்வி. பயறு வகைகளையும் மூடுபயிர்களையும் கொண்டு அதற்கு அவர் விடை கண்டார். அந்த விடை யாருக்குப் பயன்பட்டது, யாருக்குப் பயன்படாமல் போனது என்பதை நிலவுரிமையே தீர்மானித்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் பார்வையிலிருந்து கார்வரின் வாழ்க்கையை நாம் மீண்டும் பார்க்க வேண்டியது இதற்காகவே.

எழுநூறு டாலர் விலை பெற்ற தாய்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் டயமண்ட் என்னும் சிற்றூருக்கு அருகே மோசஸ் கார்வர் என்ற வெள்ளையரின் பண்ணை இருந்தது. 1855இல் அவர் மேரி என்னும் கறுப்பினச் சிறுமியை 700 டாலருக்கு விலைக்கு வாங்கினார். அந்த மேரியின் மகனாக 1864ஆம் ஆண்டளவில் ஜார்ஜ் பிறந்தார். அடிமைகளின் பிறந்தநாளை எவரும் எழுதிவைப்பதில்லை. ஆகவே அவர் பிறந்த நாள் அவருக்கே தெரியாது. தந்தை பக்கத்துப் பண்ணையின் அடிமை என்றும், மகன் பிறந்த காலத்திலேயே விபத்தில் இறந்துபோனார் என்றும் கருதப்படுகிறது.

உள்நாட்டுப் போரின் இறுதிக் காலத்தில் கொள்ளைக் கூட்டமொன்று தாயையும் கைக்குழந்தையையும் கவர்ந்துகொண்டு ஆர்கன்சாஸ் பக்கம் சென்றது. அடிமைகளைத் திருடி வேறிடத்தில் விற்பது அன்று ஒரு தொழில். மோசஸ் கார்வர் அனுப்பிய ஆள் குழந்தையை மட்டுமே மீட்டுவந்தார்; அதற்கு ஈடாக ஒரு பந்தயக் குதிரை கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. தாய் என்ன ஆனார் என்பது கடைசிவரை தெரியவில்லை. மனிதரை டாலராலும் குதிரையாலும் அளந்த ஓர் அமைப்பின் கணக்கேட்டில் இவ்வாறு தொடங்கியது அந்த வாழ்க்கை.

1865இல் அடிமைமுறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. ஜார்ஜும் அவர் அண்ணன் ஜிம்மும் கார்வர் தம்பதியரின் வீட்டிலேயே வளர்ந்தனர். நோஞ்சான் உடல் கொண்ட ஜார்ஜ் வயல்வேலைக்கு ஏற்றவராக இல்லை. சமையல், துணி வெளுத்தல், பூத்தையல் முதலிய வீட்டுவேலைகளைக் கற்றார். ஓய்ந்த நேரமெல்லாம் காட்டில் செடிகளோடு கழித்தார். வாடிய செடியைத் தேற்றும் சிறுவன் என்று அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயர் வந்தது. செடி வாடினால் முதலில் அதன் வேரையும் அது நிற்கும் மண்ணையும் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அவருக்கு அப்போதே ஏற்பட்டது.

பள்ளிக்கூடக் கதவுகள்

அவ்வூர்ப் பள்ளி கறுப்பினக் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சில மைல்களுக்கு அப்பால் நியோஷோ என்னும் ஊரில் கறுப்பினக் குழந்தைகளுக்கென ஒரு பள்ளி இருந்தது. ஏறத்தாழ பன்னிரண்டு வயதில் அவர் அங்கு நடந்தே போனார். மரியா வாட்கின்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி தம் வீட்டில் அவருக்கு இடம் கொடுத்தார். மரியா மருத்துவச்சி, மூலிகை அறிந்தவர். பின்னர்க் கன்சாஸ் மாநிலத்தின் பல ஊர்களில் துணி வெளுத்தும் சமைத்தும் பிழைத்துக்கொண்டு கார்வர் படித்தார். 1879இல் ஃபோர்ட் ஸ்காட் நகரில் ஒரு கறுப்பினத்தவரை வெள்ளைக் கும்பல் இழுத்துவந்து கொன்றதைக் கண்ணால் கண்டார். அந்த ஊரை விட்டே வெளியேறினார். அந்தக் காட்சி வாழ்நாள் முழுவதும் அவர் நினைவை விட்டு அகலவில்லை.

1880களின் நடுவில் கன்சாசில் உள்ள ஹைலண்ட் கல்லூரிக்கு அஞ்சலில் விண்ணப்பித்தார். இடம் கிடைத்தது. நேரில் சென்று நின்றபோது நிறத்தைப் பார்த்துத் திருப்பியனுப்பினார்கள். விண்ணப்பத்தில் தகுதி பெற்றவர் வாசலில் தகுதியிழக்கும் அனுபவம் நம் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதன்பின் அவர் 1886இல் கன்சாசின் நெஸ் மாவட்டப் புல்வெளியில் அரசு வழங்கிய 160 ஏக்கருக்கு உரிமை கோரினார். புல்தரையை வெட்டியெடுத்த மண்கட்டிகளால் வீடு கட்டினார். பதினேழு ஏக்கரில் மக்காச்சோளமும் காய்கறிகளும் பயிரிட்டார். வறட்சியும் குளிரும் மிகுந்த நிலம் அது. சில ஆண்டுகளில் அங்கிருந்து அவர் கிளம்பிவிட்டார். ஆயினும் தன் பெயரில் நிலம் வைத்து உழுவது எத்தகையது என்பதை அவர் உடலால் அறிந்திருந்தார். பிற்காலத்தில் அவர் சந்தித்த ஆயிரக்கணக்கான கறுப்பின உழவர்களில் பெரும்பாலோர் அதை ஒருநாளும் அறிந்ததில்லை.

1890இல் அயோவா மாநிலத்தின் சிம்ப்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கு அவர் படித்தது ஓவியமும் பியானோவும். அவருடைய ஓவிய ஆசிரியை எட்டா பட், செடிகளின்பால் அவருக்கிருந்த ஈடுபாட்டைக் கண்டு, ஏம்ஸ் நகரில் இருந்த அயோவா வேளாண் கல்லூரிக்குப் போகத் தூண்டினார். 1891இல் அக்கல்லூரியின் முதல் கறுப்பின மாணவராக அவர் சேர்ந்தார். மாணவர் உணவுக்கூடத்தில் அவருக்கு இடமில்லை. முதலில் அடித்தளத்தில் பண்ணைத் தொழிலாளரோடு உண்ண வைத்தனர். 1894இல் இளநிலைப் பட்டமும் 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அக்கல்லூரியின் முதல் கறுப்பின ஆசிரியரும் அவரே. பூஞ்சை இயலில் புகழ்பெற்ற லூயி பாமெல் அவருக்கு ஆசான். பேராசிரியர் ஹென்றி சி. வாலசின் சின்னஞ்சிறு மகன் ஹென்றி, கார்வரோடு வயல்வெளிகளில் நடந்து செடிகளை இனங்காணக் கற்றான். அச்சிறுவனை நாம் மறுபடியும் சந்திக்க நேரும்.

அப்போது பயறுகளைப் பற்றிய ஓர் உண்மை அறிவியல் உலகுக்குப் புதிதாக வந்திருந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880களின் பிற்பகுதியில் அதை நிறுவியிருந்தனர். பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தழைச்சத்தாகத் தருகின்றன என்பதே அது. நம் நெல்வயல்களில் தக்கைப்பூண்டையும் சணப்பையும் கொழுஞ்சியையும் விதைத்து மடக்கி உழுத உழவர்கள் இதன் பயனைப் பன்னெடுங்காலமாக அறிவார்கள். அதன் காரணம் அப்போதுதான் ஆய்வகத்தில் விளங்கியது. காற்றுக்கு விலையில்லை, எந்த நிலவுடைமையாளரும் அதற்கு வேலி போட்டதில்லை. ஏழை உழவருக்கு இதைவிடப் பெரிய அறிவியல் செய்தி இருக்க முடியாது என்பதைக் கார்வர் உணர்ந்தார்.

டஸ்கிகீ: செத்த மண்

1896இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ கல்வி நிறுவனத்தின் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன், வேளாண் துறையை ஏற்க வருமாறு கார்வரை அழைத்தார். கறுப்பின மக்களுக்காகக் கறுப்பின மக்களே நடத்திய நிறுவனம் அது. அயோவாவின் வசதிகளை விட்டுவிட்டு அவ்வாண்டு அக்டோபரில் கார்வர் அங்குச் சென்றார். பொது இடங்களில் நிறத்தால் பிரித்துவைப்பது சட்டப்படி செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே ஆண்டின் மே மாதத்தில்தான். ஐந்தாண்டு கழித்து, 1901இல், அலபாமாவின் புதிய அரசியலமைப்பு கறுப்பின மக்களின் வாக்குரிமையை ஏறக்குறைய முற்றிலும் பறித்தது.

அங்கு அவர் கண்ட மண் வேறு. அயோவாவின் கருமண் எங்கே, மேக்கன் மாவட்டத்தின் மணற்பாங்கான மேட்டுநிலம் எங்கே! ஆண்டுக்கு ஆண்டு பருத்தி. பருத்தி விட்டால் மக்காச்சோளம். பருத்தி எடுத்த பின் நிலம் குளிர்காலம் முழுவதும் மூடாக்கின்றி வெறுமையாகக் கிடக்கும். அந்தப் பருவத்து மழை மேல்மண்ணை அரித்துச் செல்லும். சரிவுகளில் ஆள் இறங்கி நடக்கும் அளவுக்குப் பள்ளங்கள் விழுந்திருந்தன. மண்ணில் மட்கு இல்லை. மட்கு இல்லாததால் ஈரம் நிற்பதில்லை.

மண் இப்படியானதற்கு உழவரின் அறியாமையைக் காரணமாகச் சொல்வது அன்றைய வெள்ளையரின் வழக்கம். உண்மைக் காரணம் கணக்கேட்டில் இருந்தது. விடுதலை பெற்றோருக்கு நாற்பது ஏக்கர் வரை நிலம் தரப்படும் என்று 1865 சனவரியில் ஓர் இராணுவ ஆணை பிறந்தது. தெற்கின் அத்திலாந்திக் கடலோரத்தில் ஒரு பகுதிக்கு மட்டுமே செல்லுபடியான அந்த ஆணையைக்கூட அதே ஆண்டில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் திரும்பப் பெற்றார். நிலம் பழைய எசமானர்களிடமே போய்ச்சேர்ந்தது. விடுதலை பெற்றவர்கள் அதே நிலத்தில் வாரக் குத்தகையாளர்களாயினர். விதைக்கும் உணவுக்கும் கடன் கொடுத்த கடைக்காரர், வரப்போகும் விளைச்சலையே ஈடாக எழுதி வாங்கினார். காசாகும் பயிர் பருத்தி என்பதால் பருத்தியையே விதைக்கச் சொன்னார். ஆண்டு முடிவில் கணக்கைப் பார்ப்பவரும் அவரே. வாரக்காரர் பெரும்பாலும் கடனாளியாகவே எழுந்து போவார். குடிசையின் வாசற்படி வரை பருத்தி நின்ற இடங்கள் உண்டு. உணவோ மக்காச்சோள மாவும் பன்றிக் கொழுப்பும் கரும்புப்பாகும். இந்த உணவினால் வரும் பெலாக்ரா என்னும் சத்துக்குறை நோய் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கு மாநிலங்களில் பல்லாயிரவரைப் பீடித்தது. மண்ணின் பசியும் மனிதரின் பசியும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை.

காராமணி விதைத்த அறிவியல்

1897இல் அலபாமா சட்டமன்றம் டஸ்கிகீயில் ஒரு வேளாண் ஆய்வு நிலையத்தை அமைத்தது. அதற்கு ஆண்டொன்றுக்கு ஒதுக்கிய தொகை 1,500 டாலர். வெள்ளையருக்கான ஆபர்ன் கல்லூரியின் ஆய்வு நிலையத்துக்கு, 1887ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி ஆண்டுக்கு 15,000 டாலர் கிடைத்துவந்தது. தனியே வைத்தாலும் சமமாக நடத்துவோம் என்ற சட்டப் பேச்சின் பொருள் இந்தப் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் விளங்கும். கார்வர் குப்பையில் கிடந்த புட்டிகளையும் பழைய பாத்திரங்களையும் பொறுக்கி ஆய்வுக்கூடம் அமைத்தார். பட்டினி போட்டுவிட்டுச் சிக்கனத்தைப் பாராட்டுவது ஆதிக்கத்தின் பழைய பழக்கம். ஆகவே இதைத் தியாகக் கதையாக மட்டும் நாம் படிக்கக் கூடாது.

பத்து ஏக்கர் தேய்ந்த நிலத்தில் அவர் சோதனைகளைத் தொடங்கினார். அவர் முறை எளியது. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் இடையில் பயறுகளைப் புகுத்த வேண்டும். மக்காச்சோளத்துக்குக் கடைசிக் களையெடுப்பு முடிந்ததும் வரிசைகளின் இடைவெளியில் காராமணியை விதைக்கலாம். சோளம் முற்றும்போது காராமணி தரையை மூடிக்கொள்ளும். அதன் காய் மனிதருக்கு, கொடி மாட்டுக்கு, வேரும் உதிர்ந்த இலையும் மண்ணுக்கு. குளிர்காலத்தில் நிலத்தை வெறுமையாக விடாமல் வெட்ச், குளோவர் போன்ற பயறினச் செடிகளையோ, ரை என்னும் குளிர்காலத் தானியத்தையோ விதைக்க வேண்டும். அவற்றின் வேர் மண்ணைப் பிடித்து நிறுத்தும். மழை கரைத்துக்கொண்டு போகும் சத்தை உறிஞ்சி வைத்திருக்கும். வசந்தத்தில் மடக்கி உழுதால் அந்தச் சத்து அடுத்த பயிருக்குத் திரும்பிவரும். மூடுபயிர் என்று இன்று வேளாண் துறைகள் பேசுவது இதைத்தான். நிலக்கடலை, சோயா மொச்சை, பூனைக்காலி இனத்து வெல்வெட் மொச்சை ஆகியவற்றையும் அவர் விதைத்துப் பார்த்தார். பருத்திக்கு மாற்றாகச் சர்க்கரைவள்ளிக் கிழங்கை முன்வைத்தார். விலைக்கு வாங்கும் உரத்துக்குப் பதிலாகக் காட்டின் இலைச்சருகையும் சதுப்புநில வண்டலையும் வாரிவந்து மட்க வைக்கச் சொன்னார். காட்டுச் சருகுக்கு எந்தக் கடைக்காரரிடமும் கடன்பட வேண்டியதில்லை என்பதே அதன் சிறப்பு.

இவற்றை அவர் எளிய மொழியில் சிறு வெளியீடுகளாக எழுதினார். 1898 முதல் அவருடைய வாழ்வின் இறுதிவரை நாற்பதுக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. 1903இல் காராமணியைப் பற்றி ஒன்று. 1905இல் தேய்ந்த நிலத்தைத் தேற்றுவது எப்படி என்று ஒன்று. தொடக்கத்தில் நட்டம் காட்டிய சோதனை நிலம், சில ஆண்டுகளில் ஆதாயம் தந்ததை அந்த 1905 வெளியீடு கணக்கோடு காட்டியது. நிலக்கடலையைச் சமைக்கும் 105 வழிகளைச் சொன்ன வெளியீடு 1916இல் வந்தது. அதன் நோக்கம் இப்போது நமக்கு விளங்கும். மண்ணுக்காக விதைத்த பயறு வீட்டிலும் பயன்பட்டால்தான் உழவர் அதை மறுபடி விதைப்பார். சமையல் குறிப்புகள் மண்வளத் திட்டத்தின் ஒரு பகுதி; நிலக்கடலைப் புகழ் பின்னால் வந்து சேர்ந்த வால். நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவர் என்ற பரவலான செய்தி தவறு. அவருடைய பெயரில் பதிவான காப்புரிமைகள் மூன்றே. அவை எதுவும் பெருஞ்சந்தையைப் பிடிக்கவில்லை.

எழுத்தறியாதவர்களை வெளியீடுகள் எட்டா. எனவே 1906இல் நியூயார்க் செல்வந்தர் மாரிஸ் ஜெசப்பின் நன்கொடையால் குதிரை பூட்டிய வண்டியொன்று உருவானது. கலப்பை, விதை, பால் கடையும் கருவி ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு அது ஊர் ஊராகச் சென்றது. அவ்வண்டியை நடத்திய தாமஸ் கேம்ப்பெல், அமெரிக்க வேளாண் துறையின் முதல் கறுப்பின விரிவாக்கப் பணியாளரானார். நூலகத்தில் நுழைய முடியாத மக்களிடம் பல்கலைக்கழகமே போய் நின்றது. அறிவு யாருக்குரியது என்ற கேள்விக்கு அது ஒரு செயல்வடிவ விடை.

அடுத்த ஆண்டு யாருடையது?

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மூடுபயிரின் ஆதாயம் அதை விதைத்த ஆண்டில் முழுதாகக் கிடைப்பதில்லை. மண்ணில் மட்கு சேர்ந்து, அரிப்பு நின்று, விளைச்சல் உயர இரண்டு மூன்று ஆண்டுகளாகும். அடுத்த ஆண்டும் இதே நிலத்தில் நான் இருப்பேன் என்ற உறுதி உள்ளவர்தாம் அதற்காக இன்று விதை வாங்குவார். அலபாமாவின் வாரக் குத்தகையோ ஆண்டு ஒப்பந்தம், அதுவும் வாய்ச்சொல். ஆண்டு முடிந்ததும் குடும்பங்கள் சட்டிபானைகளோடு வேறு பண்ணைக்கு இடம்பெயர்வது இயல்பாக இருந்தது. ஒருவர் நிலத்தைத் தேற்றினால் அதன் பயனை அனுபவிப்பவர் நிலக்காரர். மேம்பட்ட நிலத்துக்குக் கூடுதல் வாரம் கேட்பவரும் அவரே. எந்தப் பயிரை விதைப்பது என்ற முடிவுகூட உழுபவர் கையில் இல்லை. ஆகவே கார்வரின் அறிவியல், சொந்த நிலம் வைத்திருந்த சிறுபான்மைக் கறுப்பின உழவர்களுக்கே முழுமையாகக் கைகொடுத்தது. 1920இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 9 லட்சத்து 25 ஆயிரம் கறுப்பின உழவர்கள் இருந்தனர். அவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் குத்தகை உழவர்களே.

கார்வர் இந்த உண்மையை அறியாதவரல்லர். குத்தகை உழவர் வீட்டு அடுப்பு வரை சென்று பார்த்தவர் அவர். ஆனால் நிலப் பங்கீட்டைப் பற்றியோ வாக்குரிமையைப் பற்றியோ அவர் பொதுவெளியில் போராடவில்லை. பொருளாதார முன்னேற்றம் வந்தால் மதிப்பு தானே வரும் என்ற வாஷிங்டனின் வழியையே அவரும் நம்பினார். 1921 சனவரியில் நிலக்கடலை இறக்குமதி வரி குறித்து நாடாளுமன்றக் குழுவின் முன் பேசினார். உறுப்பினர் சிலர் ஏளனம் செய்தனர். அவரோ பெட்டியிலிருந்து பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டிப் பேச, அவருக்குத் தந்த பத்து நிமிடம் நீட்டிக்கப்பட்டது. நாடெங்கும் புகழ் வந்தது. 1923இல் கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் தன் உயர்ந்த விருதான ஸ்பிங்கார்ன் பதக்கத்தை அவருக்கு அளித்தது. அந்தப் புகழே அவருக்குச் சிறையும் ஆயிற்று. கசப்பில்லாத, கேள்வி கேட்காத கறுப்பினத்தவரின் உருவமாக வெள்ளைப் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. கேள்வி கேட்டவர்களை எதிர்க்க அவரைக் காட்டின.

கேள்வி கேட்டவர்கள் அருகிலேயே இருந்தனர். மேக்கன் மாவட்டத்தை ஒட்டிய டல்லபூசா மாவட்டத்தில் 1931இல் கறுப்பின வாரக் குத்தகையாளர்கள் சங்கம் அமைத்தனர். வீட்டுத் தோட்டம் போடும் உரிமையும் தம் பருத்தியைத் தாமே விற்கும் உரிமையும் அவர்களின் கோரிக்கைகளில் இருந்தன. கேம்ப் ஹில்லில் 1931இலும் ரீல்டவுனில் 1932இலும் அவர்கள்மீது துப்பாக்கிகள் பாய்ந்தன. காய்கறித் தோட்டம் போடுங்கள் என்பது கார்வரின் அறிவுரை. அதற்கான உரிமை கேட்டால் கிடைத்தது குண்டு. அறிவுரைக்கும் உரிமைக்கும் இடையிலுள்ள தொலைவை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

மாணவன் அமைச்சரானபோது

கார்வரோடு வயலில் நடந்த சிறுவன் ஹென்றி ஏ. வாலஸ் வளர்ந்து, 1926இல் அயோவாவில் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை நிறுவனத்தைத் தொடங்கினார். 1933இல் அமெரிக்க வேளாண் அமைச்சரானார். 1941இல் துணைக் குடியரசுத் தலைவரும் ஆனார். அவர் அமைச்சராக இருந்தபோது பருத்திப் பரப்பைக் குறைப்பதற்கு அரசு பணம் தந்தது. பணம் பெரும்பாலும் நிலவுடைமையாளர் கைக்குப் போனது. பரப்பு குறைந்ததும் குத்தகை உழவர்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களைக் காக்க விதிகளை இறுக்க முயன்ற துறை அதிகாரிகள் 1935இல் வாலசின் இசைவோடு நீக்கப்பட்டனர். 1936இல் வந்த மண்வளப் பாதுகாப்புச் சட்டம், பருத்தி, மக்காச்சோளம் முதலிய மண்ணைத் தேய்க்கும் பயிர்களுக்குப் பதிலாகப் பயறும் புல்லும் விதைப்போருக்கு ஊக்கத்தொகை தந்தது. கார்வர் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்தது அரசின் கொள்கையாயிற்று. ஆயினும் ஊர் அளவில் அதை நடத்திய குழுக்கள் தெற்கில் வெள்ளை நிலவுடைமையாளரின் பிடியில் இருந்தன. மண்ணுக்கு நன்மை செய்யும் திட்டம், மண்ணில் உழைப்போரை வெளியே தள்ளும் கருவியாகவும் அமைய முடியும் என்பதற்கு இது சான்று.

கார்வர் தம் கடைசி ஆண்டுகளில் வாழ்நாள் சேமிப்பை டஸ்கிகீயில் ஆய்வு அறக்கட்டளை ஒன்றுக்கு எழுதிவைத்தார். 1943 சனவரி 5ஆம் நாள் மறைந்தார். புக்கர் வாஷிங்டனின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். அவ்வாண்டிலேயே அவர் பிறந்த பண்ணை தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. கறுப்பினத்தவர் ஒருவருக்கு அமெரிக்கா அமைத்த முதல் தேசிய நினைவிடம் அது.

அயோவாவில் இன்று

கார்வர் படித்த அயோவாவில் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை இரண்டே பயிர்கள்: ஓராண்டு மக்காச்சோளம், மறுஆண்டு சோயா மொச்சை. அக்டோபர் அறுவடையிலிருந்து அடுத்த வசந்த விதைப்பு வரை நிலம் வெறுமையாகக் கிடக்கிறது. சோயா பயறினமே, எனினும் ஆண்டில் பாதி நாள் வேரின்றிக் கிடக்கும் மண்ணை அது மட்டும் காக்க இயலாது. எஞ்சிய நைட்ரேட் நிலத்தடி வடிகுழாய்கள் வழியே ஆறுகளில் கலந்து, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவை அடைகிறது. அங்கு ஆண்டுதோறும் கோடையில் உயிர்வளி குன்றிய பெரும் கடற்பரப்பு உருவாகிறது. அறுவடைக்கு முன்னோ பின்னோ ரை விதைத்தால் அதன் வேர்கள் அந்த நைட்ரேட்டைப் பிடித்துக்கொள்ளும் என்று வேளாண் கல்லூரிகள் பரிந்துரைக்கின்றன. அரசு மானியமும் தருகிறது. இருந்தும் 2017ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் மூடுபயிர் விதைக்கப்பட்டது 1 கோடியே 54 லட்சம் ஏக்கரில்தான். பயிர்நிலத்தில் ஏறத்தாழ 4 விழுக்காடு.

தயக்கத்துக்குக் காரணங்கள் பல: விதைச் செலவு, குளிர் தொடங்குமுன் கிடைக்கும் குறுகிய விதைப்புக் காலம், வசந்தத்தில் பயிரை மடக்கும் வேலை. அவற்றோடு குத்தகையும் ஒன்று. அயோவாவின் வேளாண் நிலத்தில் பாதிக்கு மேல் குத்தகைக்கு விடப்பட்டது. அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாத குத்தகையாளர், அது வெள்ளைப் பெருவிவசாயியே ஆனாலும், மண்ணுக்காகச் செலவிடத் தயங்குகிறார். மேக்கன் மாவட்டத்து வாரக்காரரை அழுத்திய கேள்வி, துப்பாக்கியும் பசியும் இல்லாத வேறு வடிவில், அயோவாவிலும் நிற்கிறது.

கார்வர் யாருக்காக எழுதினாரோ அந்த மக்கள் எங்கே? 1920இல் அமெரிக்க உழவர்களில் ஏழில் ஒருவர் கறுப்பினத்தவர். இன்று நூற்றுக்கு இருவர்கூட இல்லை. வெளியேற்றம், ஏமாற்று ஏலம், கூட்டுவாரிசுச் சிக்கல், வேளாண் துறையின் கடன் மறுப்பு ஆகியவற்றால் நிலம் கைமாறியது. கடன் வழங்குவதில் காட்டிய நிறப் பாகுபாட்டுக்காகக் கறுப்பின உழவர்கள் தொடுத்த பிக்ஃபோர்டு வழக்கில் 1999இல் அரசு இழப்பீட்டு உடன்பாட்டுக்கு வர நேர்ந்தது. இழந்த நிலம் திரும்பவில்லை. மூடுபயிர் மானியம் வந்தபோது, மூடுபயிரைக் கற்றவர்களின் பேரர்களிடம் விதைக்க நிலமில்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றைச் சாதி ஒழிப்பு இயக்கம் தொடக்கம் முதலே தன் பாடமாகக் கொண்டிருக்கிறது. 1873இல் ஜோதிராவ் பூலே தம் அடிமைத்தனம் நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர், கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனு குறித்து அறிய டு பாய்சுக்குக் கடிதம் எழுதினார். அந்த வரிசையில் கார்வரை எங்கு வைப்பது? போராளிகளின் வரிசையில் அவரைத் திணிக்க வேண்டியதில்லை. அடங்கிப்போனவர் என்று ஒதுக்கவும் வேண்டியதில்லை. காசில்லாத உழவருக்கான அறிவியலை அவர் படைத்தார். அது நாற்பது ஏக்கரோடு சேர்ந்து வந்திருந்தால் தெற்கு மாநிலங்களின் வரலாறே வேறாகியிருக்கும்.

இன்று மண்வளம், இயற்கை வேளாண்மை, காலநிலைக்கேற்ற சாகுபடி என்ற பெயர்களில் திட்டங்கள் வருகின்றன. அவை நல்லவையே, மண் செத்தால் முதலில் பசித்திருப்போர் நிலமற்றவர்களே. ஆனால் ஒவ்வொரு திட்டத்திடமும் நாம் கேட்க வேண்டிய கேள்விகளைக் கார்வரின் வாழ்க்கை வரிசைப்படுத்தித் தருகிறது. மானியம் பட்டாதாரருக்கா, உழுபவருக்கா? குத்தகை எத்தனை ஆண்டுக்கு, அது எழுத்தில் உள்ளதா? தேறிய மண்ணின் கூடுதல் விளைச்சலில் அதைத் தேற்றியவருக்குப் பங்கு உண்டா? வெளியேறும் குத்தகையாளர் மண்ணுக்குச் செய்த செலவை யார் திருப்பித் தருவார்? பயிரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யார் கையில் இருக்கிறது? இக்கேள்விகளுக்கு விடையில்லாத மண்வளத் திட்டம், உழைப்பவரின் வியர்வையால் இன்னொருவரின் சொத்து மதிப்பை உயர்த்தும் திட்டமாகவே முடியும்.